ஐந்து நொடிக்கு ஒரு மேடு

“சார், சிவப்பு விளக்கு எரியும்போது சும்மா இருக்கணும்னு சொன்னேனே.”

“சும்மாதான்மா இருந்தேன்.”

“கை அசைஞ்சுதே.”

“என் கையா?”

கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவள் மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அந்தப் பக்கம், ஸ்கேன் இயந்திரத்தின் வாய்க்குள் போயிருந்த மனிதரின் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காலுறையில் இடது பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை.

கணினித் திரையில் ஒரு கோடு ஓடி முடிந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்த இருபது நொடிக்கு உயரமான மலைகள். சொன்னபடி அவர் கையிலிருந்த ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி விட்டிருந்தார். அடுத்து சிவப்பு விளக்கு எரிந்த இருபது நொடிக்குக் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நான்கு சின்ன மேடுகள். அதற்கு அடுத்த சிவப்பிலும் நான்கு. அதற்கு அடுத்ததிலும் நான்கு. ஐந்து நொடிக்கு ஒன்று, அளந்து வைத்த மாதிரி.

“பல்பு மேடம், உங்க பல்பு மூச்சு விடுது” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்கேன் ஆப்பரேட்டர்.

அந்தப் பட்டப் பெயர் அவளுக்கு எட்டு மாதமாக உண்டு. பெரிய டாக்டரின் ஆராய்ச்சி கையைப் பற்றியது. பக்கவாதத்தில் விழுந்த கை திரும்ப அசையும்போது மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று அவர் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். படம் மட்டும் போதாது. அந்த நொடியில் கை எத்தனை முறை, எவ்வளவு பலமாக அசைந்தது என்பதையும் கூடவே அளக்க வேண்டும். இயந்திரமோ ஒரு பெரிய காந்தம். ஒரு குண்டூசியைக்கூட உள்ளே விடாது. எனவே இரும்பே இல்லாமல் ஒரு கருவி செய்து தர வந்தவள்தான் இவள். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் பல்பு, அதிலிருந்து சுவர்த் துளை வழியாக வெளியே வரும் ஒன்பது மீட்டர் பிளாஸ்டிக் குழாய், குழாயின் முடிவில் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு பெட்டி. அவ்வளவுதான். அதற்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

இன்று இரண்டு மணி முதல் மூன்று மணி வரை இயந்திரம் அவளுக்கு. மூன்று மணிக்கு நிஜ நோயாளி வந்துவிடுவார். பெரிய டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

“சும்மா இருக்கிற கையை, சும்மா இருக்குன்னு காட்டத் தெரியாத கருவி எனக்கெதுக்கு? இன்னிக்கு ஒரு நேர்க்கோடு காட்டு. இல்லேன்னா வெளிநாட்டுக் கருவிக்கு எழுதிப் போட்டுடறேன். நீயும் மாசக் கடைசியோட வேற எடம் பார்த்துக்க.”

நேர்க்கோடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடிக்கோல் வைத்துப் போடுகிற விஷயம்.

இயந்திரத்துக்குள் இருப்பவர் நோயாளி இல்லை. நல்ல கைக்கு அளவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக வந்த நல்ல கைக்காரர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர். மைத்துனர்தான் அழைத்து வந்திருந்தார்.

“அக்கா செத்து ஏழு மாசம் ஆச்சு மேடம்” என்று அவர் வாசலிலேயே சொல்லியிருந்தார். “மாமா வேலைக்கும் போறதில்ல. படுக்கிறதும் இல்ல. நாற்காலியிலயே உட்கார்ந்திருக்காரு. இங்க நல்லா இருக்கிற ஆளுங்க வேணும்னு எழுதி ஒட்டியிருந்தீங்க. ஒரு மணி நேரம் வேற எங்கயாவது இருக்கட்டுமேன்னு கூட்டிட்டு வந்தேன்.”

நல்லா இருக்கிற ஆள் என்பதற்கு அந்தப் படிவத்தில் உடம்பைப் பற்றி மட்டுமே கேள்வி இருந்தது. அதில் கடைசிக் கேள்வி: இதுபோன்ற கருவியை இதற்கு முன் கையாண்டது உண்டா?

“உண்டு” என்றார் மீட்டர்காரர். “பதினோரு நாள்.”

“இல்ல சார், இந்த மாதிரி ரப்பர் பல்பு.”

“ஆமாம்மா. இதைவிடப் பெருசு.”

உலகத்தில் இந்தக் கருவி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அவள் மேசையில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கிற பல்பை நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அவள் ‘உண்டு’ என்பதை அடித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினாள்.

மணி இரண்டு பத்து.

“மூச்சுதான்” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.

“எது?”

“கையை வயித்து மேல வெச்சிருக்காரு. மூச்சு விடும்போது வயிறு ஏறி எறங்குது. கையும் கூடவே ஏறி எறங்குது. அதான் மேடு.”

ஆப்பரேட்டர் பிளாஸ்க்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றிக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிற மனிதர் எதையும் வேகமாகச் செய்ய மாட்டார். “நல்ல கண்டுபிடிப்பு. போய்க் கையை எறக்கி வைங்க.”

அவள் தலையில் இருந்த கிளிப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கனமான கதவைத் தள்ளி உள்ளே போனாள். வெளி வெளிச்சம் எட்டாத அறை. எப்போதும் குளிர். மீட்டர்காரரின் வலது கையை வயிற்றிலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒரு சிறு தலையணை மேல் வைத்தாள். கை சில்லென்று இருந்தது. இடது கையில் இன்னொரு பல்பு இருந்தது. அது அவளுடையது அல்ல, இயந்திரத்தோடு வந்தது. உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் அதை அமுக்கினால் வெளியே மணி அடிக்கும்.

“ஏதாச்சும் கஷ்டமா இருந்தா மட்டும் அந்த இடது கைப் பல்பை அமுக்குங்க சார்.”

“கஷ்டம்னா?”

“உங்களுக்கு ஏதாச்சும் ஆனா.”

“எனக்கு என்னம்மா ஆகும்.”

இரண்டாவது ஓட்டம். பச்சையில் மலைகள். சிவப்பில் மேடுகள். இந்த முறை மேடுகள் முன்னைவிட உயரமாக இருந்தன. தலையணை மேல் கைக்கு வசதியாக இருந்தது போல.

“மூச்சு வாங்குது” என்றார் ஆப்பரேட்டர்.

அவள் மூச்சு அளக்கும் பட்டையைக் கொண்டுபோய் அவர் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தாள். இப்போது திரையில் இரண்டு கோடுகள். மேலே மூச்சு, கீழே கை. மூச்சு நிமிடத்துக்குப் பதினேழு. கை நிமிடத்துக்குப் பன்னிரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் மாதிரி அவை பாட்டுக்கு ஓடின.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்தார். அவர் வரும்போது கதவு சத்தம் போடாது. அறைக்குள் பேச்சு நிற்பதை வைத்துத்தான் வந்திருக்கிறார் என்று தெரியும்.

“எங்க நேர்க்கோடு?”

“சின்னதா ஒரு மூச்சுப் பிரச்சினை சார்.”

“மூச்சா?” மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் குனிந்தார். “அவர் மூச்சு பதினேழு. இது பன்னிரண்டு. அவர் மூச்சு இல்ல. அப்ப யாரு மூச்சு?”

அவள் இரண்டு கோடுகளையும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

“கேக்கறேன்ல. உள்ள ஒரே ஒரு ஆள்தான் படுத்திருக்காரு. இது யாரு மூச்சு? உன்னோடதா? என்னோடதா?”

“எனக்கு ரெண்டு மூக்கும் அடைச்சிருக்கு சார்” என்று ஆப்பரேட்டர் முன்கூட்டியே விலகிக்கொண்டார்.

“கருவி பொய் சொல்லுது” என்றார் பெரிய டாக்டர். “குழாயில எங்கயோ ஓட்டை. இல்ல பெட்டி கோளாறு. மூணு மணிக்கு வர்றேன்.”

அவர் போன பிறகு அவள் ஒன்பது மீட்டர் குழாயையும் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தாள். சுவரின் இந்தப் பக்கம் முழங்காலில், அந்தப் பக்கம் முழங்காலில். ஓட்டை இல்லை. பெட்டியைக் கழற்றி மாட்டினாள். கோளாறு இல்லை.

அவள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது இயந்திரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“என்னம்மா தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல சார். நீங்க சும்மா இருக்கும்போதும் கோடு ஏறுது. எதனாலன்னு பார்க்கறேன்.”

“எங்க வேலையிலயும் அப்படி உண்டு” என்றார் அவர். “வீட்ல எல்லா ஸ்விட்சையும் அணைச்சிட்டேன், அப்பவும் மீட்டர் சுத்துதுன்னு சண்டைக்கு வருவாங்க. மீட்டர் கெட்டுப்போச்சு, மாத்துன்னு ஒரே சத்தம். நான் மாத்த மாட்டேன். மீட்டர் மேல தப்பே இருக்காது. எங்கயாவது ஒண்ணு ஓடிட்டிருக்கும். வீட்டுக்காரங்களுக்கே தெரியாது.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“உட்கார்ந்து தேட வேண்டியதுதான். நேரமாகும்.”

நேரம்தான் இல்லை. இரண்டு முப்பது.

கருவியில் தப்பில்லை என்றால் கையில்தான் தப்பு. வலது கையில் ஏதோ ஒரு நடுக்கம் இருக்கலாம். இடது கைக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல யோசனை என்று அவளுக்கே தோன்றியது. அளக்கும் பல்பை இடது கையில் கொடுத்தாள். இடது கையில் இருந்ததை வலது கையில் கொடுத்தாள். வெளியே வந்து உட்கார்ந்தாள்.

முதல் சிவப்பு எரிந்தது. கோடு விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. நேராக, ஓர் அசைவும் இல்லாமல்.

“நேர்க்கோடு” என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

சொல்லி முடிக்கவில்லை, மணி அடித்தது. அவசர மணி. ஆப்பரேட்டரின் மூடியிலிருந்த டீ அவர் சட்டையில் சாய்ந்தது. அவர் பொத்தானைத் தட்டி இயந்திரத்தை நிறுத்தினார். மணியையும் நிறுத்தினார். ஐந்து நொடியில் மறுபடி அடித்தது. நிறுத்தினார். மறுபடி அடித்தது.

“சார், என்ன ஆச்சு? நல்லா இருக்கீங்களா?” என்று அவள் மைக்கில் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன்.”

மணி அடித்தது.

“பின்ன ஏன் பல்பை அமுக்கறீங்க?”

“நான் எங்கம்மா அமுக்கினேன்.”

மணி அடித்தது. அதற்குள் மேல் மாடியிலிருந்து இரண்டு நர்சுகளும், சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டியோடு ஒரு ஊழியரும் ஓடி வந்துவிட்டார்கள். தள்ளுவண்டியில் இரும்பு இருந்தது. ஆப்பரேட்டர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கதவை மறித்து நின்றார். “வண்டி உள்ள போச்சுன்னா அந்த ஆளு மேலதான் போய் ஒட்டும். எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. போங்க, போங்க.”

நர்சு அவரைத் தாண்டிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். “யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

“பின்ன எதுக்கு மணி?”

“அவர் சும்மா இருக்காரு. அதனால அடிக்குது” என்றார் ஆப்பரேட்டர். அதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

சக்கரச் சத்தமும் ஓட்டமும் உள்ளே கேட்டிருக்க வேண்டும். மீட்டர்காரரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது, இதுவரை இல்லாத வேகத்தில். “என்னம்மா எல்லாரும் ஓடறாங்க? யாருக்கு? எந்தக் கட்டில்?” மணி இப்போது இரண்டு நொடிக்கு ஒரு முறை அடித்தது.

“யாருக்கும் இல்ல சார். பொய் மணி.”

“நிஜமாத்தானா?”

“நிஜமா சார்.”

மணி மறுபடி ஐந்து நொடிக்கு வந்தது. அவள் ஓடிப்போய் அந்தப் பல்பை அவர் கையிலிருந்து பிரித்து எடுத்தாள். எடுக்கும்போது விரல்கள் கொஞ்சம் எதிர்த்தன.

வாசலில் மைத்துனர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மாமாவின் பெல்ட், சாவி, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி. உள்ளே போனவரின் சாமான்கள் மட்டும் மடியில் இருக்க, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று அந்த மாதிரிப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மணிச் சத்தம் நின்ற பிறகும் அவர் உட்காரவில்லை.

“ஒண்ணுமில்ல” என்று அவள் கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொன்னாள். “மாமா நல்லா இருக்காரு.”

“மேடம், அவர் முடியாதுன்னா விட்டுடுங்க.”

“இன்னும் இருபது நிமிஷம்தாங்க.”

அவளுக்கு அந்த இருபது நிமிடம் வேண்டியிருந்தது. எட்டு மாதத்தில் மிச்சம் அதுதான்.

“வலது கைதான்” என்றாள் ஆப்பரேட்டரிடம். “கட்டிடலாம்.”

“என்னத்தை?”

“மணிக்கட்டை. பலகையோட சேர்த்து மெத்துன்னு ஒரு துணி. விரல் மட்டும் வெளிய இருக்கட்டும். லேசாத்தான்.”

“முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்” என்றார் ஆப்பரேட்டர், சட்டையில் டீயைத் துடைத்துக்கொண்டே. “எத்தனையோ ஆயிரம் பேர்கிட்ட சும்மா இருங்கன்னு சொல்லியிருக்கேன். ஒருத்தர்கூடச் சும்மா இருந்து பார்க்கலை. ஒருத்தருக்கு மூக்கு அரிக்கும். ஒருத்தருக்கு அழுகை வரும். ஒருத்தர் அடுப்பை அணைச்சோமான்னு நினைச்சுட்டு எழுந்து உட்கார்ந்து நெத்தியில இடிச்சுக்குவாரு. ரிட்டயர் ஆகிறதுக்குள்ள ஒருத்தராவது சும்மா இருந்து காட்டிடணும். நீங்க கட்டுங்க.”

அவள் கட்டினாள். அளக்கும் பல்பு வலது கையில், துணி மணிக்கட்டில். மீட்டர்காரர் மறுப்புச் சொல்லவில்லை. முகத்துக்கு மேல் இருந்த சிறு கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

அடுத்த ஓட்டம். பச்சை: பாதி உயரத்துக்கு மலைகள். சிவப்பு: கையால் முடியாததை முழங்கை செய்தது. முழங்கை இழுத்தது, தோள் இழுத்தது, கடைசியில் தலையும் ஆடியது. ஐந்து நொடிக்கு ஒரு முறை அவர் படுத்திருந்த மேசையே லேசாக அதிர்ந்தது.

“படம் போச்சு” என்றார் ஆப்பரேட்டர். “மூளை தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி தெரியுது. இதுவரைக்கும் கை மட்டும்தான் ஆடுச்சு. இப்ப ஆளே ஆடறாரு. முன்னேற்றம்.”

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. சத்தமாக இல்லை. “அம்மா, கட்டை அவுத்துடுங்க. கட்ட வேண்டாம். நான் எங்கயும் போக மாட்டேன்.”

அவள் உள்ளே போனாள். அவர் நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் குளிரில். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரம் பிடித்தது. அவிழ்த்த உடனே விரல்கள் பல்பை ஒரு முறை அமுக்கின. பொறுத்து, பொறுத்து, இன்னொரு முறை.

இப்போது அவள் நேரில் பார்த்தாள். நடுக்கம் இல்லை அது. நான்கு விரல்களும் சேர்ந்து அமுக்கின. நன்றாக முழுதாக அமுக்கி, அப்படியே விட்டுவிடாமல், மெல்ல மெல்லத் திறந்தன. அவர் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் தங்கள் கை என்ன செய்கிறது என்று தெரியாதல்லவா, அதுபோல.

மணி இரண்டு ஐம்பது. அவளுக்குக் கால் வலித்தது. அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தாள். வேலை போய்விட்டது என்று முடிவான பிறகு ஓர் ஓய்வு வரும். அந்த ஓய்வில்தான் கடைசியாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தோன்றியது. பல்பு தன் கையில் இருந்தால் கோடு எப்படி இருக்கும்?

“சார், அதை என்கிட்ட குடுங்க. கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கறேன்.”

அவர் உடனே கொடுக்கவில்லை.

“நீங்களா?”

“ஆமா. நீங்க களைச்சுப் போயிருக்கீங்க.”

“உங்களுக்கு வேற வேலை இருக்குமே.”

“இதைவிட வேற வேலை எனக்கு இல்ல.”

“கீழ வெச்சுட மாட்டீங்களே?”

“வைக்க மாட்டேன். நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்.”

அவர் யோசித்தார். பிறகு கையை நீட்டினார். அவள் விரல்கள் பல்பைச் சுற்றி முழுதாக மூடும்வரை தன் விரல்களை எடுக்கவில்லை. மூடியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். நிரம்பிய பாத்திரத்தைக் கை மாற்றுகிறவர்கள் அப்படி எடுப்பார்கள்.

“ஓட்டுங்க” என்று அவள் கண்ணாடியைப் பார்த்துக் கையைக் காட்டினாள். காதை மூடும் கவசத்தைப் போட்டுக்கொண்டாள். இயந்திரம் தட்டத் தொடங்கியது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பல்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆப்பரேட்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒரு கையைக் கிடைமட்டமாக நீட்டிக் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். நேராக. முப்பது வருடத்தில் அவர் எழுந்து நின்று பார்த்த முதல் கோடு அதுவாக இருக்கலாம்.

கருவியில் தப்பில்லை. ஓட்டம் நின்றதும் அவள் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு அவசரமாகப் பல்பை அவர் கைக்கு நீட்டினாள். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது, ஒரு பச்சை ஒரு சிவப்பு போதும்.

“சார், பிடிங்க.”

கை வாங்கிக்கொள்ளவில்லை. மேசை மேல் மல்லாந்து திறந்து கிடந்தது.

“சார்.”

அவர் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. அந்த இயந்திரம் போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தலைவலி வரும். அதற்குள் படுத்துக்கொண்டு மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பட்டையில் மூச்சு நிமிடத்துக்குப் பத்தாக இறங்கியிருந்தது. கை அசையவே இல்லை.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் சத்தமில்லாமல் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார்.

“இந்தக் கோடு யாரோட கை?”

“என்னோடது சார்.”

“கருவி செஞ்சவளே கையில பிடிச்சுட்டு நேரா இருக்குன்னு காட்டினா, அதுக்குப் பேரு சோதனையா?”

“இல்ல சார்.”

“அவர் என்ன பண்றாரு?”

“தூங்கறாரு சார்” என்றார் ஆப்பரேட்டர். “முதல் முறையா ஒருத்தர் சும்மா இருக்காரு. எழுப்ப மனசு வரலை.”

“மூணு மணி நோயாளி வெளிய காத்திருக்காங்க. எழுப்பி அனுப்பு. நீ இந்த மேடு போட்ட காகிதத்தை எல்லாம் எடுத்துட்டு என் அறைக்கு வா.”

அவள் அச்செடுத்த காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பெரிய டாக்டர் பின்னாலேயே வந்தார். பெஞ்சில் மைத்துனர் பிளாஸ்டிக் பையோடு எழுந்தார்.

“முடிஞ்சுதா மேடம்? மாமா எங்க?”

“தூங்கிட்டாருங்க. நீங்க வந்து கொஞ்சம் எழுப்பணும்.”

“தூங்கிட்டாரா?” அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “படுத்தா?”

“படுத்துத்தான். குறட்டைகூட.”

“கையில இருந்ததைக் கீழ வெச்சுட்டா?”

“இல்ல. நான் வாங்கிக்கிட்டேன். நான் பிடிச்சுக்கறேன்னு சொன்னேன், குடுத்தாரு. உடனே தூங்கிட்டாரு.”

பெரிய டாக்டருக்குப் பொறுமை இல்லை. அவள் கையிலிருந்த சுருளிலிருந்து ஒரு தாளை உருவி, அந்த நான்கு மேடுகளின் மேல் விரலால் தட்டினார்.

“இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு. மூச்சுன்னு சொன்ன. அவருக்குப் பதினேழு, இது பன்னிரண்டு. யாரு மூச்சு இது?”

மைத்துனர் எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்குக் கோடு படிக்கத் தெரியாது. ஆனாலும் முதல் மேட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய சும்மா இருந்த கை மடங்கியது, மெல்ல விரிந்தது. உதடு ஐந்து வரை எண்ணியது. மறுபடி மடங்கியது.

“மேல் மாடி வார்டுல மூச்சு மெஷின் காலியா இல்லன்னு ஒரு ரப்பர் பையைக் குடுத்தாங்க சார்” என்றார். “அஞ்சு எண்ணி ஒரு அமுக்கு அமுக்கணும்னு நர்சு சொல்லிக் குடுத்தாங்க. பதினோரு நாள் மாமாதான் அமுக்கினாரு. நான் வாங்கிக்கறேன்னா தர மாட்டாரு. கடைசி நாள் டாக்டர் வந்து பார்த்துட்டுப் போர்வையை இழுத்து மூடினாங்க. அவர்கிட்ட யாரும் போதும்னு சொல்லலை, கையில இருந்ததை யாரும் வாங்கிக்கலை.”

பிறகு அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், பெரிய டாக்டர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

“இது எங்க அக்காவோட மூச்சு சார்.”